துடுப்பு வலிக்கக் கற்றுக்கொடுப்பது: தப்பு தெரியும் இடமும் பிறக்கும் இடமும்

துடுப்புப் படகு விளையாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே முதலில் வருவது கை பலம்தான். தோள் அகலமாக உள்ளவரைப் பார்த்ததும் "இவர் நன்றாக வலிப்பார்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். புதிதாக வந்த எட்டுப் பேரைப் படகில் உட்காரவைத்துவிட்டு, கரையில் நின்று "நல்லா இழு, இன்னும் இழு" என்று கத்தும் பயிற்சியாளர்களும் நிறைய உண்டு. அந்த எட்டுப் பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பார்கள். தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்கும், படகு இடமும் வலமுமாக ஆடும், வேகம் மட்டும் வராது. கரைக்குத் திரும்பும்போது உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

இந்த விளையாட்டில் பெரும்பாலான வேலையைச் செய்வது கால்கள். அதோடு, கற்றுக்கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. புதியவரிடம் நம் கண்ணில் படும் தப்பு பெரும்பாலும் அந்த இடத்தில் பிறந்ததாக இருக்காது. ஒரு விநாடி முன்னால், அசைவின் வேறொரு கட்டத்தில் பிறந்திருக்கும். தெரிகிற இடத்திலேயே திருத்தப் போனால் திருந்தாது. ஏன் அப்படி என்பதைத்தான் இங்கே அடியிலிருந்து பார்க்கப்போகிறோம். முதல்முறையாக ஒரு குழுவைப் பொறுப்பேற்றவருக்கு இது உதவும். படகுக்குள் உட்கார்ந்து என்ன செய்கிறோம் என்று புரியாமல் விழிப்பவருக்கும் உதவும்.

நகர்வது துடுப்பா, படகா?

ஆழமில்லாத தண்ணீரில் நீளமான கழியை அடியில் ஊன்றிப் படகு தள்ளுபவரைப் பார்த்திருப்பீர்கள். கழி குத்திய இடத்திலேயே நிற்கும். அவர் அதை அழுத்தி உந்த, காலுக்குக் கீழே இருக்கும் படகு முன்னே போகும். கழியைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவர் நினைப்பதே இல்லை. கழியை ஒரு பிடிப்பாக வைத்துக்கொண்டு படகை அதைத் தாண்டி அனுப்புகிறார். துடுப்பு வலிப்பதும் இதே வேலைதான். சேற்றுக்கும் மணலுக்கும் பதிலாக இங்கே பிடிப்புக் கொடுப்பது தண்ணீர், அவ்வளவுதான்.

துடுப்பின் நுனியில் இருக்கும் அகன்ற, தட்டையான பகுதிக்குப் பிளேடு என்று பெயர். அது முழுசாகத் தண்ணீருக்குள் இறங்கிச் செங்குத்தாக நின்றால், அதை எதிர்க்கும் தண்ணீர் சட்டென்று விலகிவிடாது. பிளேடுக்குப் பிடி கிடைக்கும். கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும், ஆனால் படகு போகும் தூரத்தோடு ஒப்பிட்டால் அது சின்னது. நன்றாக வலிக்கும் குழுவைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: பிளேடு இறங்கிய இடத்துக்கு அருகிலேயேதான் வெளியே வரும். இடையில் படகு மட்டும் பல அடி கடந்து போயிருக்கும்.

இது தெரியாதவர் பிளேடைத் தண்ணீரில் அடித்து இழுக்கிறார். பிளேடு பாதி வெளியே இருக்கும்போதே பலத்தைக் கொடுத்தால் தண்ணீர் கிழிந்து நுரைக்கும், பிடி கிடைக்காது. ரொம்ப ஆழமாக விட்டாலும் தொல்லைதான். துடுப்பின் தண்டும் சேர்ந்து உள்ளே போய்விடும், வெளியே எடுக்கும்போது மாட்டும்.

எவ்வளவு ஆழம் சரி என்று வாயால் விளக்க வேண்டியதில்லை, துடுப்பே காட்டிக்கொடுக்கும். படகை நிறுத்தி, பிளேடைச் செங்குத்தாகத் தண்ணீரில் விடச் சொல்லுங்கள். கைப்பிடியை இரண்டு விரலால் தாங்கி, அப்புறம் அந்த விரலையும் மெல்ல எடுக்கச் சொல்லுங்கள். துடுப்பு மிதக்கும். பிளேடின் மேல்விளிம்பு நீர்மட்டத்தை ஒட்டி நிற்கும். அப்போது கைப்பிடி அவருடைய உடம்பில் எந்த உயரத்துக்கு நேராக இருக்கிறதோ, கிட்டத்தட்ட அந்த உயரத்திலேயே இழுத்துக்கொண்டு வந்தால் போதும். எல்லாப் புதியவரும் முதல் நாளிலேயே இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பேன். அதுவரை துடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கைகள் அப்போதுதான் தளரும்.

இன்னும் இரண்டு மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். படகின் பக்கவாட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சட்டம் ரிக்கர். அதன் நுனியில் துடுப்பைப் பிடித்துவைத்திருக்கும் கவ்வி கேட். ஒருவருக்கு ஒரே துடுப்பு என்றால் அது ஸ்வீப், இரண்டு என்றால் ஸ்கல்லிங். ஸ்வீப் துடுப்பு சுமார் 3.7 மீட்டர் நீளம். அதில் கேட்டுக்கு உள்பக்கம் இருப்பது ஏறக்குறைய 1.15 மீட்டர்தான், மீதியெல்லாம் வெளியே. அதனால் கைப்பிடி ஒரு விரல்கடை ஏறி இறங்கினால் பிளேடு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே இறங்கி ஏறும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதுவரை பார்த்தது: பிளேடு தண்ணீரில் பிடித்து நிற்கிறது, படகு அதைத் தாண்டிப் போகிறது. பிளேடு முழுசாக இறங்கிய பிறகுதான் பலம் கொடுக்க வேண்டும்.

கால், முதுகு, கை: வரிசை மாறக் கூடாது

பந்தயப் படகில் இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். 1870-களில் இந்த நகரும் இருக்கை பந்தயங்களில் பரவியதே கால்களுக்கு வேலை கொடுக்கத்தான். பாதங்கள் ஒரு சாய்வான பலகையில் பொருத்திய ஷூக்களுக்குள் இருக்கும். அதைக் கால்பலகை என்று வைத்துக்கொள்வோம். வலிப்பவர் படகின் பின்முனையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், படகு அவருடைய முதுகு இருக்கும் திசையில் போகும்.

ஒருமுறை பிளேடு தண்ணீரில் இறங்கி, படகை உந்தி, வெளியே வந்து, மீண்டும் இறங்கும் இடத்துக்கு வந்து சேர்வது ஒரு ஸ்ட்ரோக். அதில் நான்கு கட்டங்கள். முழங்கால் மடங்கி, கை நீண்டு, பிளேடு தண்ணீருக்குள் இறங்கும் கணம் கேட்ச். அங்கிருந்து உந்துவது டிரைவ். கைப்பிடி வயிற்றுக்கு மேலே, கீழ் விலா எலும்பு அருகே வந்து, பிளேடு வெளியேறும் கணம் ஃபினிஷ். பிறகு மறுபடி கேட்சுக்குத் திரும்பிவருவது ரெக்கவரி.

டிரைவில் முதலில் கால் உந்தும். கால் பாதிக்கு மேல் நீண்ட பிறகு இடுப்பிலிருந்து முதுகு பின்னே சாயும். கடைசியில் முழங்கை மடங்கும். ரெக்கவரியில் இதே வரிசை தலைகீழ்: முதலில் கை நீளும், அப்புறம் உடம்பு இடுப்பிலிருந்து முன்னே சாயும், கடைசியில்தான் முழங்கால் மடங்கும். சொல்லும்போது மூன்று தனித்தனி அசைவுகளாகத் தெரியும். செய்யும்போது ஒன்று முடியும் முன் அடுத்தது தொடங்கிவிடும். புதியவருக்கு முதலில் பிரித்துக் காட்டி, பிறகு அந்தப் பிரிவுகள் தெரியாதபடி சேர்த்துக்கொடுக்க வேண்டும்.

ஒரு ஸ்ட்ரோக்கின் பலத்தில் கால் சுமார் 60 சதவீதம், முதுகு 30, கை 10 என்பது பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும். வரிசை ஏன் முக்கியம் என்பதற்கு அந்த எண்களே காரணம் சொல்லிவிடுகின்றன. கேட்சிலேயே முழங்கையை மடக்கினால், காலின் பெரிய பலம் அந்த மடிப்பில் வந்து வீணாகும். சின்னத் தசைகள் பெரிய சுமையைப் பிடித்துக்கொண்டிருக்கும். சில நிமிடத்தில் முன்கை இறுகிப்போகும். டிரைவின் முதல் பாதியில் கை நீண்டபடியே இருந்து, காலின் பலத்தைத் துடுப்புக்குக் கடத்தினால் போதும். விரல்கள் கைப்பிடியில் வளைந்து மாட்டியிருக்கட்டும். முஷ்டி வெளுக்கும்படி இறுக்கிப் பிடிப்பவரிடம் விரல்களை ஒருமுறை அசைத்துக் காட்டச் சொல்லுங்கள், தானே தளர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தப்பும் ஒன்று உண்டு. "காலால் தள்ளு" என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இருக்கை மட்டும் சர்ரென்று பின்னால் ஓடும், கைப்பிடி இருந்த இடத்திலேயே இருக்கும். கால் உழைக்கிறது, ஆனால் உழைப்பு துடுப்பைச் சேரவில்லை. நடுவில் இருக்கும் முதுகு தொய்ந்துபோய்விட்டது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: பக்கவாட்டில் நின்று, டிரைவ் தொடங்கும்போது இருக்கையும் கைப்பிடியும் ஒரே அளவு நகர்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

ஓய்வு மாதிரித் தெரியும் ரெக்கவரி

டிரைவைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், ரெக்கவரியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. பிளேடு தண்ணீரில் இல்லை, அப்புறம் அதில் என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். என்னைக் கேட்டால் ஒரு புதிய குழுவின் தரம் தெரிவது ரெக்கவரியில்தான்.

எடையைப் பாருங்கள். உலகத் துடுப்புப் படகுக் கூட்டமைப்பின் விதிப்படி எட்டுப் பேர் வலிக்கும் படகு குறைந்தது 96 கிலோ இருக்க வேண்டும். அதில் ஆளுக்கு 75 கிலோ என்று எட்டுப் பேர் உட்கார்ந்தால் 600 கிலோ. அதாவது படகைவிட ஆறு மடங்கு எடையுள்ள ஒரு சுமை, ஓடும் இருக்கைகளில் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருக்கிறது. அந்தச் சுமை அசைவதற்கு ஏற்ப இலேசான படகும் எதிர்ப்பக்கம் அசையும்.

ரெக்கவரியில் எட்டுப் பேரும் பின்முனைப் பக்கம் நகரும்போது, தங்கள் பாதத்தால் படகைத் தங்களுக்கு அடியில் முன்னே இழுத்துவிடுகிறார்கள். அதனால்தான் பிளேடு வெளியே இருக்கும் அந்த நேரத்தில் படகின் வேகம் உண்மையில் கூடுகிறது. பிறகு கேட்சில் அவர்கள் தங்களை நிறுத்திக்கொண்டு திசை மாற வேண்டும். அப்போது கால்பலகையை உதைப்பார்கள், படகு வேகம் இழக்கும். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் படகு மிக மெதுவாகப் போவது கேட்சை ஒட்டிய இந்தச் சமயத்தில்தான். கொஞ்சம் இழப்பு யாராலும் தவிர்க்க முடியாதது. ஆனால் இருக்கையில் விழுந்தடித்து வந்து முட்டி நின்றால், அந்த எடை முழுவதும் படகைப் பின்னுக்கு உதைக்கிறது. அப்படி வருவதற்கு ஸ்லைடில், அதாவது இருக்கை ஓடும் தண்டவாளத்தில், விரைவது என்று பெயர்.

வேகம் ஏறி இறங்கினால் என்ன நஷ்டம்? தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் இருபடிக்கு (வேகம் × வேகம்) ஏற்பக் கூடுகிறது, அதைச் சமாளிக்கத் தேவையான திறன் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடுகிறது. வேகத்தை 10 சதவீதம் கூட்ட ஏறக்குறைய 33 சதவீதம் அதிகத் திறன் வேண்டும். ஆகவே நிதானமாக, ஒரே சீராகப் போகும் படகுக்கு, குதித்துக் குதித்துப் போகும் படகைவிடக் குறைந்த உழைப்பு போதும்.

அதனால் புதியவர்களை நிமிடத்துக்கு 18 முதல் 20 ஸ்ட்ரோக்குக்குள் வைத்திருங்கள். 20 என்றால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு மூன்று விநாடி. அதில் டிரைவுக்கு ஒரு விநாடி, ரெக்கவரிக்கு இரண்டு. பந்தயத்தில் 36-க்கு மேல் போகும்போது இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத்தான் வேகமாக வலித்தால் வேகமாகப் போகும் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். உந்துதல் சரியாக அமையாமல் எண்ணிக்கையை மட்டும் ஏற்றினால் படகின் வேகம் ஏறுவதே இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், டிரைவ் திடமாக, ரெக்கவரி நிதானமாக. டிரைவில் சம்பாதித்த வேகத்தைப் பாழாக்காமல் அடுத்த கேட்ச்வரை கொண்டுபோவது ரெக்கவரியின் வேலை.

தப்பு எங்கே பிறக்கிறது?

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னதற்கு இப்போது வரலாம். ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு அடிவரை போய்ப் பார்ப்போம்.

நான்காம் இருக்கைக்காரருடைய பிளேடு கேட்சுக்கு முன்னால் வானத்தைப் பார்த்துக் கிளம்புகிறது. மற்றவர்களுடைய பிளேடு தண்ணீரில் இறங்கும்போது இவருடையது இன்னும் ஒரு முழம் மேலே இருக்கிறது. அவர் அதைக் கீழே கொண்டுவருவதற்குள் கால் நீள ஆரம்பித்துவிடுகிறது. காலின் முதல் உந்துதல் காற்றுக்குப் போகிறது. பயிற்சியாளர் சொல்வது: "நாலு, லேட்! சீக்கிரம் போடு!" நான்கு என்ன செய்வார்? இன்னும் அவசரமாக முன்னே பாய்வார். பிளேடு இன்னும் உயரப் போகும்.

பிளேடு ஏன் உயர்ந்தது? கைப்பிடி தாழ்ந்ததால். கைப்பிடி ஏன் தாழ்ந்தது? கடைசி நொடியில் தோளை முன்னே தள்ளிக் கவிழ்ந்ததால், கை கணுக்காலை நோக்கி இறங்கிவிட்டது. ஏன் கடைசி நொடியில் கவிழ்ந்தார்? உடம்பை முன்னே சாய்க்கும் வேலையை அதுவரை செய்யாமல் வைத்திருந்தார். இருக்கை முன்னே வந்து முடிந்த பிறகுதான் இன்னும் எட்ட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அதை ஏன் முன்பே செய்யவில்லை? ஃபினிஷில் கைப்பிடியை வயிற்றருகே வைத்துக்கொண்டு ஒரு கணம் இளைப்பாறினார். அதற்குள் முழங்கால் மடங்க ஆரம்பித்துவிட்டது. வரிசை அங்கேயே உடைந்துவிட்டது.

ஆக, கேட்சில் தெரிந்த தாமதம் ஃபினிஷில் பிறந்தது. இவரிடம் கேட்சைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஃபினிஷ் முடிந்ததும் கை தயங்காமல் நீளட்டும், உடம்பு இடுப்பிலிருந்து முன்னே சாயட்டும், அதற்குப் பிறகு முழங்கால். இதற்கென்று ஒரு பயிற்சி உண்டு: கை நீண்டு உடம்பு முன்னே சாய்ந்த நிலையில், கால் இன்னும் மடங்காதபோது, எல்லாரும் ஒரு கணம் நின்று, காக்ஸ் சொன்னதும் மேலே போவார்கள். படகின் திசையைப் பார்த்து, குழுவுக்குக் கட்டளை கொடுப்பவர்தான் காக்ஸ். இந்த நிறுத்தத்தைப் பத்து நிமிடம் செய்துவிட்டு வழக்கம்போல் வலிக்கச் சொன்னால், பல நேரங்களில் கேட்ச் தானாக நேரத்துக்கு வந்துவிடும். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

மற்றத் தப்புகளையும் இப்படியே பின்னோக்கித் துருவலாம். ஸ்லைடில் விரைபவரை "மெதுவா வா" என்று அடக்குவதைவிட, அவருக்கு ஃபினிஷில் சமநிலை இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் அளவுக்கு மீறிச் சாய்ந்தவர் எழுந்துவரக் காலால் ஷூவை இழுப்பார், அந்த இழுப்பே அவரை உருட்டிவிடும். முழங்கால் கையைத் தட்டுகிறது என்று கைப்பிடியைத் தூக்கித் தூக்கிக் கொண்டுபோகிறவருக்கும் நோய் அதேதான், கை தாண்டும் முன் முழங்கால் எழுந்துவிட்டது.

தண்ணீரும் தகவல் சொல்லும். கேட்சில் பிளேடின் இரு பக்கமும் சின்னதாகத் தெறித்தால் நல்லது. பின்முனைப் பக்கம் மட்டும் வாரி இறைத்தால், பிளேடு இறங்கும் முன்பே இழுக்க ஆரம்பித்துவிட்டார். முன்முனைப் பக்கம் மட்டும் தெறித்தால், பிளேடு இன்னும் முன்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போதே தண்ணீரைத் தொட்டுவிட்டது. பிளேடு வெளியே வந்த பிறகு தண்ணீரில் ஒரு சுழி மிதந்து போகும். இறுக்கமான, கரிய சுழி என்றால் பிடி நன்றாக இருந்தது. வெள்ளை நுரையாகச் சிதறிக் கிடந்தால் பிளேடு ஆழமில்லாமல் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது.

படகு சாய்வது யாருடைய குற்றம்?

குறுகலான பந்தயப் படகு ஒரு பக்கம் சாயும்போது உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே வேலையைச் செய்வார்கள்: உடம்பை மறுபக்கம் சாய்ப்பார்கள். அதனால் ஆட்டம் கூடும். படகின் சமநிலையை நிர்ணயிப்பதில் கைப்பிடியின் உயரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கைப்பிடி கொஞ்சம் அசைந்தால் பிளேடு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே அசையும் என்று மேலே சொன்ன கணக்கை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கத்தவர்கள் கைப்பிடியைத் தாழ்த்தி வைத்தால், படகு அந்தப் பக்கம் இறங்கும். எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்தவர்கள் கையைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். உடம்பு நடுவிலேயே இருக்க வேண்டும்.

இதைப் படகு நிற்கும்போது காட்டிவிடுங்கள். எல்லாரும் பிளேடைத் தண்ணீர்மேல் படுக்கவைத்து உட்காரட்டும். ஒரு பக்கத்தவர்கள் கையை உயர்த்த, மறுபக்கத்தவர்கள் தாழ்த்த, படகு எப்படிச் சாய்கிறது என்று அவர்களே மாற்றி மாற்றிச் செய்து பார்க்கட்டும். பயமும் பாதி போய்விடும். நேரம் பிசகினாலும் படகு சாயும், ஒரு பக்கத்துப் பிளேடுகள் முன்கூட்டியே இறங்கினால் அந்த உதைப்பே போதும். ஆகவே சமநிலை மோசம் என்று தெரிந்தால் உடனே கை உயரத்தைக் குறை சொல்லாமல், எல்லாரும் ஒன்றாக இறங்குகிறார்களா என்பதையும் பாருங்கள்.

முதல் சில நாட்கள்

தண்ணீரில் இறங்கும் முன் ரோயிங் மெஷினில் வரிசையைப் பழக்குவது நல்ல வழி. கால், முதுகு, கை என்ற ஒழுங்கு உடம்பில் ஏற அது போதும். ஆனால் மெஷினில் பிளேடு இல்லை, சமநிலை இல்லை, துடுப்பைத் திருப்பும் வேலையும் இல்லை. அதில் நல்ல எண் வாங்குபவர் படகிலும் அப்படியே வலிப்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. மெஷினின் பக்கத்தில், உள்ளே போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை 10-க்குத் தள்ளினால் பயிற்சி உயர்ந்தது என்பதும் தவறான நம்பிக்கை. 3 முதல் 5-க்குள் வைப்பது புதியவருக்கு ஏற்றது.

படகில் ஏறியதும் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் கட்டளை நிறுத்துவதற்கானது. போகும் திசை இவர்களுக்குத் தெரியாது, படகுக்கு பிரேக் கிடையாது. "ஈஸி" என்றால் வலிப்பதை நிறுத்த வேண்டும், "ஹோல்ட் வாட்டர்" என்றால் பிளேடைச் செங்குத்தாக இறக்கிப் படகைப் பிடித்து நிறுத்த வேண்டும். சொற்கள் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் குழுவுக்கு ஒரே தொகுதியை வைத்துக்கொண்டு, அதை மாற்றாதீர்கள்.

பாதுகாப்பில் சமரசமே வேண்டாம். எல்லாருக்கும் நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். ஷூக்களின் குதிகாலைக் கால்பலகையோடு கட்டும் கயிறு ஒவ்வொரு இருக்கையிலும் சரியாக இருக்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள். படகு கவிழ்ந்தால் பாதம் தானாக உருவிக்கொண்டு வர அந்தக் கயிறுதான் உதவும். முன்முனையில் ரப்பர் பந்து இருக்க வேண்டும். கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாமல் படகையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை எல்லாருடைய வாயாலும் ஒருமுறை சொல்ல வையுங்கள்.

முடிந்தால் அகலமான படகில் தொடங்குங்கள். குறுகலான எட்டுப் பேர் படகுதான் கிடைத்தது என்றால், நான்கு பேர் பிளேடைத் தண்ணீர்மேல் படுக்கவைத்துப் படகைத் தாங்கட்டும், நான்கு பேர் மட்டும் வலிக்கட்டும். முதலில் கையால் மட்டும், பிறகு உடம்பையும் சேர்த்து, பிறகு பாதி இருக்கை ஓட்டம், பிறகு முழு ஓட்டம் என்று கூட்டிக்கொண்டு போவதற்குப் பிக் டிரில் என்று பெயர். பல குழுக்கள் செய்வது இதுதான். இதைத் தலைகீழாகவும் செய்யவையுங்கள்: கை நீண்டபடி இருக்க, காலின் உந்துதல் மட்டும், அப்புறம் காலும் முதுகும், கடைசியில் கை. பலம் எங்கிருந்து வருகிறது என்பது புதியவர்களுக்கு இந்த இரண்டாவது முறையில்தான் உறைக்கிறது.

ரெக்கவரியில் பிளேடு காற்றில் மாட்டாமலும் அலையில் படாமலும் இருக்க அதைக் கிடையாகத் திருப்புவார்கள். இது ஃபெதர். மறுபடி செங்குத்தாக்குவது ஸ்கொயர். ஸ்வீப்பில் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உள்கைதான் திருப்பும், வெளிக்கையின் பிடிக்குள் கைப்பிடி சுழன்றுகொள்ளும். இதை எப்போது கற்றுக்கொடுப்பது என்பதில் பயிற்சியாளர்கள் ஒத்துப்போவதில்லை. முதல் நாளிலிருந்தே பழக்குபவர்களும் இருக்கிறார்கள். என் விருப்பம், சில நாட்கள் செங்குத்துப் பிளேடோடு மட்டும் வலிக்கவைப்பது. பிளேடைச் சுத்தமாக வெளியே எடுக்காவிட்டால் அது உடனே தண்ணீரில் இடிக்கும். தப்பை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது

ஒரு பயிற்சிக்கு ஒரு விஷயம். எட்டுப் பேரிடம் இருபது தப்பு தெரியும், எல்லாவற்றையும் சொல்ல நாக்கு துடிக்கும். கேட்பவருடைய தலையில் ஒன்றுதான் நிற்கும், அதுவும் கடைசியாகச் சொன்னதாக இருக்கும். எந்தத் தப்பைச் சரிசெய்தால் இன்னும் இரண்டு கூடவே போகுமோ, அதைத் தேர்ந்தெடுங்கள். "முன்னாடி பாயாதே" என்பதைவிட "கை நீண்டதும் சாய்ந்துவிடு" என்பது உதவும், உடம்புக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. சொல்லிவிட்டு உடனே அடுத்ததைச் சொல்லாமல், அவர்கள் செய்து பார்க்க நேரம் கொடுங்கள். அப்புறம் "இப்போது என்ன வித்தியாசம் தெரிந்தது?" என்று கேளுங்கள்.

உடம்பைப் பார்ப்பதா, பிளேடைப் பார்ப்பதா என்பது பழைய வழக்கு. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஸ்டீவ் ஃபேர்பேர்ன் (1862–1938) கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரியில் வலித்து, பிறகு அங்கேயே பயிற்சி கொடுத்தவர். முதுகு நேராக இருக்கிறதா, தோரணை ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கே இங்கிலாந்தில் முதலிடம் கொடுத்த காலம் அது. அவர் கவனத்தைப் பிளேடுக்கும் காலின் உந்துதலுக்கும் திருப்பினார். லண்டனில் தேம்ஸ் நதியில் 1926-ல் தொடங்கிய ஹெட் ஆஃப் தி ரிவர் பந்தயமும் அவர் முயற்சிதான். புதியவர்களுக்கு நான் அவர் கட்சி. முதலில் பிளேடு என்ன செய்கிறது என்று பாருங்கள், அது தப்பு செய்தால் அதற்குக் காரணமான அசைவை உடம்பில் தேடுங்கள். தோரணை மட்டும் அழகாக இருந்து பிளேடு காற்றில் உழைத்தால் பயனில்லை. முதுகு வளைந்து வலி வரும் அளவுக்குப் போனால் மட்டும் உடனே தலையிட வேண்டும்.

நிற்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வரிசை தெரியும். பின்முனைக்கு நேராக வந்தால் பிளேடுகளின் உயரமும் இறங்கும் நேரமும் தெரியும். புதியவர்கள் தங்கள் பிளேடைத் திரும்பிப் பார்க்கவே விரும்புவார்கள். அதில் தோள் திரும்பிப் படகு சாயும். தங்களுக்கு முன்னால் இருப்பவருடைய முதுகைப் பார்த்து அதோடு சேர்ந்து அசையச் சொல்லுங்கள்.

கிராப் அடித்தால்

பிளேடு தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுப்பதற்குக் கிராப் என்று பெயர். படகு முன்னே போய்க்கொண்டே இருப்பதால், மாட்டிய துடுப்பின் கைப்பிடி வலிப்பவருடைய வயிற்றிலோ நெஞ்சிலோ வந்து மோதும். வேகம் அதிகமாக இருந்தால் ஆளையே தூக்கி வெளியே போடக்கூடும். புதியவர்கள் இதற்குத்தான் மிகவும் பயப்படுகிறார்கள். ஒருமுறை அடித்தவர் அடுத்த அரைமணி நேரம் பிளேடை முழுசாக இறக்கவே மாட்டார்.

இதற்கும் காரணம் கொஞ்சம் முன்னால்தான். செங்குத்தாக வெளியே வர வேண்டிய பிளேடு, தண்ணீருக்குள் இருக்கும்போதே மணிக்கட்டு அவசரப்பட்டுத் திருப்பிவிட்டதால் கிடையாகப் படுத்துவிட்டது. படுத்த பிளேடை ஓடும் தண்ணீர் கீழே இழுத்துக்கொண்டு போகும். அதனால் கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிளேடை வெளியே எடுத்த பிறகே திருப்ப வேண்டும். "முதலில் கீழே, அப்புறம் திருப்பு" என்று ஃபினிஷை மட்டும், படகு நிற்கும்போது, திரும்பத் திரும்பச் செய்யவையுங்கள்.

மாட்டிவிட்டால் துடுப்போடு போராட வேண்டாம். மற்றவர்கள் நிறுத்தட்டும். கைப்பிடி தலைக்கு மேலே போக வழி இருந்தால், அவர் பின்னால் படுத்து அதைப் போகவிடட்டும். படகின் வேகம் குறைந்ததும் பிளேடைச் செங்குத்தாக்கினால் அது தானே மேலே மிதந்து வரும். காக்ஸ் அவரிடம் சரியாக இருக்கிறாரா என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு, கையால் மட்டும் வலிப்பதிலிருந்து மறுபடி தொடங்கலாம்.